வெயில் தொடாத தரை

அந்தக் குளத்தில் தவளை இல்லை.

பாசி பிடித்த நீச்சல்குளம் என்றால் தவளை இருக்க வேண்டும். தவளை இல்லாவிட்டால் தலைப்பிரட்டையாவது இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் கொசுப்புழுவாவது நெளியும். பதினெட்டு வருடமாக அடுத்தவர் வீட்டு அழுக்குத் தண்ணீரைப் பார்த்தே பிழைக்கிறவன் அவன். ஒரு குளத்திலிருந்து செத்த பூனை, இன்னொன்றிலிருந்து முழுசாக ஒரு ஸ்கூட்டர் என்று எத்தனையோ வெளியே எடுத்திருக்கிறான். இதில் மட்டும் உயிர் என்று ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் மரங்கள் இருந்தும் ஒரு பூச்சி தண்ணீரின் மேல் ஓடவில்லை. அரைத்த கீரை மாதிரி கெட்டியான பச்சை, கரையிலிருந்து கரை வரை, ஒரு சுருக்கம்கூட விழாமல் கிடந்தது.

"ஏங்க, ஒரு தவளைகூட இல்ல பாத்தீங்களா?" என்றாள் மனைவி, வலைக்கம்பை வேனிலிருந்து இறக்கிக்கொண்டே.

"தவளைக்கும் மானம் மரியாதை இருக்குல்ல. இவனுங்க வீட்டுல அது எப்படிக் குடியிருக்கும்?"

தொழிலில் அவனுக்குப் பெயர் பிளீச்சிங். உடம்பிலிருந்து வருகிற வாசனையால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். வாயிலிருந்து வருகிற வார்த்தையால் வந்தது என்பாள் மனைவி. நீச்சல்குளம் வைத்திருக்கும் எவரையும் அவனுக்குப் பிடிக்காது. ஆசைப்பட்டு வெட்டத் தெரியும், பார்த்துக்கொள்ளத் துப்பில்லை, கடைசியில் அவன் முன்னால் வந்து தலையைச் சொறிவார்கள். அவர்களைப் பற்றி அவன் எழுதி வைத்துவிட்ட தீர்ப்பு இது. ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அவனுக்குப் பயம் வந்தால் அது ஏளனமாகத்தான் வெளியே வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு நக்கல். மனைவிக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியும்.

அந்த வீட்டை மூன்று மாதம் முன்பு ஒரு பல் டாக்டர் வாங்கியிருந்தார். அதற்கு முன் கல்யாணம் ஆகாத அண்ணன் தம்பி இருவர் இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார்களாம். தம்பி நோயில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் தனியாகச் சமாளிக்க முடியாமல் விற்றுவிட்டாராம்.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணோட பிறந்தநாள். பன்னண்டு பசங்க வராங்க. பேசாம பழைய தண்ணிய இறைச்சுட்டுப் புதுசா ரொப்பிடலாமே?" என்றார் டாக்டர்.

"அதுக்கு எதுக்கு சார் நான்? ஒரு மோட்டார் போதுமே," என்றான் அவன். "ஏழு நாள் குடுங்க. இதே தண்ணி. ஒம்பதடி ஆழத்துல குண்டூசி கிடந்தாலும் மேல இருந்து எண்ணிக் காட்டறேன்."

டாக்டர் வாயைப் பிளந்தார். ஊர் வாயையெல்லாம் பிளக்க வைக்கிறவரின் வாயைப் பிளக்க வைத்ததில் அவனுக்கு அன்று முழுவதும் திருப்தி.

முதல் நாள் வலையால் சருகுகளை அள்ளினார்கள். பக்கச் சுவர்களை நீளப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். ஃபில்டரை ஓடவிட்டு, சாயங்காலம் குளோரினைக் கரைத்துக் கரைத்து நான்கு பக்கமும் ஊற்றினான். வழக்கத்தைவிட இரண்டு மடங்காகத்தான் ஊற்றினான். மறுநாள் காலையில் பாசி வெளுத்துக் கிடக்க வேண்டும். ஆனால் காலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தபோது நிறமே வரவில்லை. ஊற்றிய குளோரின் அத்தனையும் ஒரே ராத்திரியில் போயிருந்தது. கழிவறை மாதிரி ஒரு காட்டமான வாடை கண்ணை எரித்தது.

காரணம் பம்ப் ரூமில் கிடைத்தது. மூலையில் ஆளுயரத்துக்கு யூரியா மூட்டைகள். தண்ணீரில் யூரியா கலந்திருந்தால் எவ்வளவு குளோரினையும் அது தின்றுவிடும். இரண்டு மூட்டைகள் வாய் பிரிந்திருந்தன. மேலே ஒரு நீளக் கரண்டி.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவிகளா! வெள்ளையா இருந்தா குளோரின்னு நெனச்சுட்டானுங்க. வயலுக்குப் போடற உரத்தக் குளத்துல கொட்டிட்டு, ஏன்டா பச்சையாவே இருக்குன்னு முழிச்சிருக்கானுங்க. அண்ணன் முட்டாள்னா தம்பி அடிமுட்டாள்."

மனைவி சிரிக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. எல்லாச் சனிக்கிழமைகளிலும் ஒரு டிக், பக்கத்தில் 'நாலு கரண்டி' என்று அழகான கையெழுத்து. மழை பெய்த வாரங்களில் 'ஆறு'.

"இருபது வருஷமாவா தப்பா நெனப்பாங்க? மழைத் தண்ணி கலந்து நிறம் கம்மியாகும்னு கூடப் போட்டிருக்காங்க. எனக்கென்னவோ இது தெரிஞ்சே செஞ்ச மாதிரி இருக்குங்க."

"எந்தப் பைத்தியக்காரனாவது தெரிஞ்சே பாசி வளப்பானா?"

"அதான் நானும் கேக்கறேன். எதுக்கு வளக்கணும்?"

"கேட்டுக்கிட்டே நில்லு. நான் வேலையப் பாக்கறேன்," என்று அவன் மூட்டைகளை வேனில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தான். காலண்டரையும் கிழித்துப் போட்டான். அது ஏனென்று அவனையே கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

தினமும் குளோரினை ஏற்றிக்கொண்டே போனதில் நான்காம் நாள் பச்சை செத்தது. தண்ணீர் சாம்பல் நிறமாக, சோப்பு கரைத்த மாதிரி மாறியது. மத்தியானம் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது ஆழமான பக்கத்தில் தரையில் ஒரு கறுப்பு தெரிந்தது. பாய் அளவு இருக்கும். ஓரங்கள் மங்கலாக, நடுவில் அடர்த்தியாக. கறுப்புப் பாசி என்று ஒன்று உண்டு. வேர் பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது. கம்பிப் பிரஷ்ஷை மாட்டி அவன் அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தான். தேய்க்கும்போது கையில் ஒரு சொரசொரப்பு வர வேண்டும். வரவில்லை. வழவழப்பான டைல்ஸின் மேல் பிரஷ் வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பு அப்படியே இருந்தது. பிறகு பிரஷ்ஷின் மேல் ஏறியது.

கலங்கல் தண்ணீரில் கண் இப்படித்தான் ஏமாற்றும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் கம்பை மேலே இழுத்துக் கரையில் போட்டான், கொஞ்சம் வேகமாக.

ஐந்தாம் நாள் அது ஆழம் குறைந்த பக்கத்தில், படிக்கட்டுக்கு அருகே இருந்தது.

"நேத்து அங்க இருந்துச்சு," என்றாள் மனைவி.

"இலைக் கறையா இருக்கும். தண்ணி ஓட்டத்துல நகரும்."

"கறை நகருமா?"

"பதினெட்டு வருஷமா தொழில் பண்றது நானா நீயா?"

"நீங்கதான். தண்ணிக்குள்ள இறங்கறது நான்."

அது உண்மைதான். அவனுடைய இடது காதின் ஜவ்வில் ஓட்டை. தண்ணீர் போனால் தலை சுற்றி விழுந்துவிடுவான். கரையில் நின்று மருந்து ஊற்றுவதும் வாய் பேசுவதும் அவன் வேலை. மூழ்கி எடுக்க வேண்டியதையெல்லாம் எடுப்பது அவள். மீன்குஞ்சு மாதிரி நீந்துவாள். அவள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவன் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே வந்ததும் 'இவ்வளவு நேரமா?' என்று எரிந்து விழுவான். அவ்வளவு ஆசை அவள்மேல். அதையும் அவன் வாய் நக்கலாகத்தான் சொல்லும்.

அன்று மேகம் வந்து சூரியனை மூடியபோது அந்தக் கறுப்பு காணாமல் போனது. மேகம் விலகியதும் திரும்ப வந்தது. இரண்டுக்கும் நடுவில் அது பத்தடி நகர்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். மனைவி பார்க்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை படிகாரத்தைக் கரைத்து ஊற்றி ஃபில்டரை நிறுத்தினான். மிதக்கும் தூசெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிய வேண்டும். பம்ப் நின்றதும் வந்த நிசப்தம் காதை அடைத்தது. அந்த நிசப்தத்தில்தான் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. சட்டையை ஒழுங்காக உள்ளே விட்ட ஒரு பெரியவர், கையில் ஒரு பொட்டலத்தோடு, தன் வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தார். விற்றுவிட்டுப் போன அண்ணன்தான்.

"நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி போகணும். அதான் இன்னிக்கே போட்டுடலாம்னு," என்றார், ஏதோ பால் பாக்கெட் போட வந்தவர் மாதிரி. பிறகு குளத்தைப் பார்த்தார். பொட்டலம் கையிலிருந்து விழுந்தது. வெள்ளைக் குருணைகள் சிமெண்ட் தரையில் சிதறின.

"பெரியவரே, அது குளோரின் இல்ல, யூரியா. வித்தியாசம் தெரியாம இருபது வருஷத்த ஓட்டிட்டீங்களே, பாராட்டணும்," என்றான் பிளீச்சிங்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏளனத்தில் அவன் பெரிய ஆள் என்றுதான் நினைத்திருந்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அவன் ஒன்றுமே இல்லை.

"யூரியான்னு படிக்கத் தெரியாமலா வாங்கினோம்? பச்சையா இருந்தா உனக்கு என்னய்யா கஷ்டம்?"

"பசங்க குளிக்கணும் சார்."

"வெயில் அந்தத் தரையத் தொடக் கூடாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சுக்க நாங்க ஆசைப்படல. தண்ணிய இறைச்சும் பாத்தோம், காஞ்ச தரையிலயும் அது இருந்துச்சு. பாசி ஒண்ணுக்குத்தான் அது அடங்குச்சு." பெரியவர் குனிந்து குருணைகளைப் பொறுக்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார். "உன்ன மாதிரி கெட்டிக்காரன் வருவான்னு தம்பி அப்பவே சொன்னான்."

அவர் திரும்பிப் போனார். நேராகப் போனால் பத்து அடியில் கதவு. அவர் குளத்தைச் சுற்றிக்கொண்டு, மதில் சுவரின் நிழலிலேயே உடம்பை ஒட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்து போனார்.

"கிழம் கழண்டு போச்சு," என்றான் அவன். குரல் அவனுக்கே சன்னமாகக் கேட்டது.

சனிக்கிழமை காலை வானம் மூட்டமாக இருந்தது. படிந்திருந்த வண்டலை அவன் வேக்குவம் குழாயால் கோடு கோடாக உறிஞ்சி வெளியே விட்டான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசிக் கோடும் போனது. குழாயை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நீல டைல்ஸ், அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள், ஒன்பதடிக்குக் கீழே கழிவு நீர்த் துவாரத்தின் மூடி, அதன் நான்கு திருகுகள். கறுப்பு எங்கும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. அவன் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தான். நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. உடனே வாய் திறந்துகொண்டது.

"எங்கடி உன் நகர்ற கறை? கூப்பிடு பாக்கலாம்."

டாக்டர் வந்து பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்குப்பா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கேக்குக்குச் சொல்லிவைக்க மகளோடு காரில் கிளம்பிப் போனார். வீட்டில் மிச்சம் அவனும் மனைவியும்தான்.

மூடியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. குழந்தைகள் கால் மாட்டிக்கொள்ளும். அப்படியே விட முடியாது. மனைவி நீச்சல் உடையோடு படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி நாலாகப் போகிறது.

"இன்னிக்கு வேணாங்க. நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்து முடுக்கிடலாம். எனக்கு மனசு சரியில்ல."

நாளைக்கு முடுக்கலாம்தான். அதில் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் பெரியவரின் பார்வை அவனுக்குள் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

"அந்தக் கிழம் உளறினத நம்பற நீ. தரைதான் தெரியுதே, கண்ணு இல்ல? பயந்தாங்கொள்ளியோட தொழில் பண்ண வேண்டியிருக்கு, என் தலையெழுத்து."

அவள் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஒரே முங்கில் அடிக்குப் போய்விட்டாள். குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைந்தன. அவன் மேற்குக் கரையில் நின்று எண்ணினான். இருபது. முப்பது. திருப்புளி திரும்புவது இங்கிருந்தே தெரிந்தது. முப்பத்தைந்து. முதுகில் இளஞ்சூடு பட்டது.

மேகம் விலகியிருந்தது.

வெயில் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கியது. தரை முழுவதும் ஒளி வலை வலையாக நெளிந்தது. அந்த ஒளியில் அவளுடைய நிழல் அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது. கை, தோள், மிதக்கும் முடி.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

தண்ணீரில் வேறு யாரும் இல்லை. தண்ணீரின் மேலும் யாரும் இல்லை. அந்த நிழலுக்கு ஆளே இல்லை. ஆனால் அதற்குத் தலை இருந்தது. நீளமான கைகள் இருந்தன. அது தரையோடு தரையாக நீந்தி வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

"மேல வா!" என்று கத்தினான். தண்ணீருக்குள் என்ன கேட்கும்? "ஏய்! மேல வா! வந்துடு!"

அது அவள் நிழலைத் தொட்டது. அவளைத் தொடவில்லை.

அவள் கால் உதைத்து மேலே வந்தாள். தலையை உதறினாள். கரையைப் பிடித்து ஏறி அவன் பக்கத்தில் நின்றாள். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க? இப்ப யாரு பயந்தாங்கொள்ளி?"

அவன் அவள் காலடியைப் பார்த்தான். ஈரச் சிமெண்டில் வெயில் பளீரென்று கிடந்தது. அவனுடைய நிழல் குளத்தின் விளிம்பு வரை நீளமாக இருந்தது. கம்பின் நிழல் இருந்தது. வாளியின் நிழல் இருந்தது.

அவளுக்கு இல்லை.

குளத்தின் தரையில் இரண்டு நிழல்கள். ஒன்று இன்னொன்றின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"ஏங்க, கைய விடுங்க. வலிக்குது."

அவன் அவள் கையைத் தொடவே இல்லை.

அவளுடைய வலது கை தானாக உயர்ந்தது. குளத்தை நோக்கி நீண்டது. அவள் அந்தக் கையை யாருடையதோ மாதிரி பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. பிறகு ஒரு அடி முன்னே வைத்தாள். இன்னொரு அடி. அவன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தான். மூன்றடி வந்தாள். அதற்கு மேல் அசையவில்லை. வேர் விட்ட மரத்தை இழுப்பது போலிருந்தது.

"என்னங்க ஆகுது எனக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடி. என்னப் பிடிச்சுக்கோ."

முதல்முறையாக அவன் வாயில் நக்கல் வரவில்லை. கொஞ்சம்கூட இல்லை. அவ்வளவும் வெறும் பயமாக இருந்தது.

கீழே அவள் நிழலை அது ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. துவாரத்தின் மூடி இருந்த மூலைக்கு. அங்கே வைத்து அமுக்கியது. நிழலின் கால்கள் உதைத்தன. மேலே, தண்ணீருக்கு வெளியே, மாலை வெயிலில், அவன் கைகளுக்குள் அவள் கால்களும் உதைத்தன. இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. குளோரின் வாடையோடு, தெளிந்த தண்ணீர். அவன் தோளெல்லாம் நனைந்தது. குப்புறக் கவிழ்க்கப் பார்த்தான், முதுகில் அடித்தான். வந்துகொண்டே இருந்தது.

"யாராவது வாங்க! யாராவது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ வண்டி போனது. நிற்கவில்லை.

விட்டால் அவள் உள்ளே போய்விடுவாள். விடாவிட்டால் இங்கேயே மூழ்குவாள். அவளுடைய நகங்கள் அவன் முதுகில் பதிந்திருந்தன. மூச்சு வந்தது. நின்றது. திரும்ப ஒரு துளி வந்தது. அவன் விடவில்லை. விட மாட்டான்.

முதுகில் வெயில் தாழ்ந்துகொண்டே போனது. அவன் கண்ணை மட்டும் திருப்பினான். மேற்குக் கரையின் நிழல் குளத்தின் தரையில் நேர்கோடாக விழுந்திருந்தது. சற்று முன்பு வரை நேர்கோடுதான். இப்போது நடுவில் ஒரு மேடு. அது மெல்ல உயர்ந்து வந்தது. முடி. காது. கழுத்து.

அவனுடைய தலை.

ஆழத்தின் மூலையில், ஒரு கையால் அவள் நிழலை அமுக்கிப் பிடித்தபடி, அது மறு கையை டைல்ஸின் மேல் அவன் தலையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.